சதுரம் வரைந்தால் மதிப்பெண் இல்லை

ஏப்ரல் 7, திங்கள்

ஒன்பதாம் வகுப்புக்கு இன்று கணக்குப் பரீட்சை. மணி அடித்ததும் என் வகுப்புப் பிள்ளைகள் சைக்கிள் ஷெட் பக்கத்தில் கூடி நின்று கேள்வித்தாளைக் கிழிகிழியென்று கிழித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் தரணிகா ஓடி வந்தாள்.

"டீச்சர், எட்டாவது கேள்விக்கு நான் சதுரம் வரைஞ்சு வெச்சுட்டு வந்துட்டனுங்க."

எட்டாவது கேள்வி: 'ஒரு செவ்வகம் வரைக. அது செவ்வகமே என்பதற்குக் காரணம் எழுதுக.' மூன்று மதிப்பெண்.

"ஏன் கண்ணு சதுரம் வரைஞ்சே?"

"செவ்வகம்னா நீளம் ஒருக்கா, அகலம் ஒருக்கா அளக்கோணுங்களே. சதுரம்னா ஒரே அளவுங்க. நேரமாயிருச்சு, அதான்."

"காரணம் என்ன எழுதுனே?"

"நாலு மூலையும் செங்கோணம், அதனால இது செவ்வகம்னு எழுதுனனுங்க. சரிதானுங்களே?"

சரிதான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. காலாண்டில் முப்பத்தொன்று வாங்கிய பெண். அரையாண்டில் நாற்பத்து நான்கு. கணக்கு நோட்டைத் திறந்தாலே கண்ணில் தண்ணீர் கட்டும். ஜனவரியில் நாற்கரம் நடத்தும்போதுதான் அவளுக்கு முதன்முதலாக ஏதோ பிடிபட்டது. "நாலு மூலையும் செங்கோணமா இருக்குதா, செவ்வகம். வேற ஒண்ணும் கேக்க மாட்டோம். நாலு பக்கமும் சமமா இருந்தா அதுக்குச் சதுரம்னு இன்னொரு பேரும் உண்டு, அவ்வளவுதான்" என்று நான் சொன்னபோது கையைத் தூக்கினாள். அவளுடைய அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை செய்கிறார். வருஷத்தில் பாதி நாள் சத்தீஸ்கரில்.

"எங்கப்பா ஓட்டுற ரிக்கு மாதிரிங்களா டீச்சர்? ரிக்கும் லாரிதானுங்களே. ரிக்கு மாட்டிட்டதால இது லாரி இல்லைன்னு சொன்னா செக்போஸ்ட்ல விட்டுருவாங்களா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பதினெட்டு வருஷமாகச் செவ்வகம் நடத்துகிறேன், எனக்கு இப்படி ஒரு உதாரணம் தோன்றியதில்லை. அன்றைக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

வீட்டுக்கு வந்தால் மாவு பொங்கி ஃப்ரிட்ஜ் முழுக்க வழிந்திருக்கிறது. யாருக்காவது கண் இருந்தால்தானே.


ஏப்ரல் 9, புதன்

கீ மீட்டிங். எங்கள் டிரஸ்டுக்கு நாலு பள்ளிக்கூடம். நாலுக்கும் ஒரே கேள்வித்தாள், ஒரே விடைக்குறிப்பு. கேள்வியும் கீயும் போடுகிறவர் அகாடமிக் டைரக்டர் சென்னியப்பன் சார். அவர் வாசிப்பார், நாங்கள் எழுதிக்கொள்வோம். வாசித்து முடித்து அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் அதில் கால் மதிப்பெண் மாற்ற ஆண்டவனாலும் ஆகாது. 'கீ போட்டாச்சு' என்பதுதான் எங்கள் பள்ளியின் வேதம்.

எட்டாம் கேள்விக்கு வந்தார். "நீளமும் அகலமும் வேறவேறயா இருக்கணும். சதுரம் வரைந்தால் மதிப்பெண் இல்லை" என்றார்.

நான் கடைசி வரிசையில் இருந்தேன். காற்றாடி வேறு கடகடவென்று சத்தம். என்ன சொல்கிறார் என்று பக்கத்தில் சரளா டீச்சரிடம் கேட்டு உறுதிப்படுத்துவதற்குள் ஒன்பதாம் கேள்விக்குப் போய்விட்டார். அதற்குள் டீயும் வந்துவிட்டது. டீ வந்தால் அப்புறம் யார் எதைப் பேசுவது? கூட்டம் முடிந்ததும் தனியாகப் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் கார் ஏறிவிட்டார்.

மகன் இனியன் பதினொன்றாம் வகுப்புக்குக் கம்ப்யூட்டர் குரூப் வேண்டும் என்கிறான். ஆசிரியர் பிள்ளைகளுக்கு இடம் உண்டு என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார்கள். சென்னியப்பன் சார்தான் கையெழுத்துப் போட வேண்டும். இதை இங்கே எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.


ஏப்ரல் 10, வியாழன்

பேப்பர் திருத்தினேன். அடுத்த செக்ஷன் பேப்பர். என் வகுப்புப் பேப்பர் சரளாவிடம். கழுத்து வலி.


ஏப்ரல் 15, செவ்வாய்

ஐம்பத்தேழு!

தரணிகா ஐம்பத்தேழு. எட்டாம் கேள்விக்கு சுழியம். சரளா சிவப்பு மையில் சதுரத்தின் மேல் ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் 'செவ்வகம் அல்ல' என்று முத்து முத்தாக எழுதியிருக்கிறாள். அந்தப் பெண் அளந்து வரைந்த நாலு கோணத்தையும் பார்த்தேன். ஒவ்வொரு மூலையிலும் குட்டிப் பெட்டி போட்டுக் காட்டியிருக்கிறாள். பென்சிலைச் சீவி வைத்து வரைந்திருக்கிறாள், பாவி மகள். அதன் மேல் பெருக்கல் குறி.

சரளாவைக் கேட்டேன். "உனக்கே தெரியாதா, சதுரம் செவ்வகம்தான்னு?"

"தெரியுமுங்க. கீயில இல்லையே. கீயை மீறித் திருத்தி என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கவா?" என்றாள். "நீங்களும் மீட்டிங்ல இருந்தீங்கதானே?"

அவளோடு இன்று பேசவில்லை. பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தேன்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம். எங்கேயும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள், ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் அறுபது வாங்காத பிள்ளைக்கு டி.சி. பெற்றோரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, "உங்க புள்ளைக்கு இந்தச் சூழல் ஒத்து வரலைங்க" என்று பவ்யமாகச் சொல்லி, அவர்களே எழுதிக் கேட்டதாக எழுதி வாங்கிக்கொள்வார்கள். அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பஸ் ஸ்டாண்டில் பத்தடிக்குப் பேனர் வைக்க வேண்டுமே. பேனரில் இடம் இல்லாத பிள்ளைகளை ஒன்பதிலேயே கழித்துவிடுகிறார்கள்.

நாளைக்கு நேராக டைரக்டரிடம் போகப் போகிறேன். மூன்று மதிப்பெண் வாங்காமல் திரும்பப் போவதில்லை.


ஏப்ரல் 16, புதன்

போனேன். பாடப்புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டே போனேன். செவ்வகத்தின் வரையறையைப் பிரித்து மேசையில் வைத்தேன். நீளமும் அகலமும் வேறாக இருக்க வேண்டும் என்று இதில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் சார் என்றேன்.

மனுஷன் புத்தகத்தைப் பார்க்கக்கூட இல்லை.

"நீங்க சொல்றது கரெக்ட்டுங்க டீச்சர்" என்றார்.

சண்டை போட இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வந்தவளிடம் கதவைத் திறந்துவிட்டால் என்ன செய்வது?

"கரெக்ட்டுன்னா மார்க் போடலாமுங்களே சார்?"

"எப்படிங்க போடறது? கீ போட்டாச்சு. நாலு ஸ்கூல்லயும் திருத்தியாச்சு. இந்தப் புள்ளைக்குப் போட்டா, சதுரம் வரைஞ்ச எல்லாத்துக்கும் போடோணும். கீ தப்புன்னு ஒருக்கா வெளிய போச்சுன்னா நாளைக்கு ஒவ்வொரு பெத்தவங்களும் பேப்பரைத் தூக்கிட்டு வந்து நிப்பாங்க. அப்புறம் ஸ்கூல் நடத்த முடியுங்களா?"

"அப்ப வரைஞ்ச எல்லாத்துக்கும் போடுங்க சார். அதுதானுங்களே நியாயம்?"

"டீச்சர், எல்.கே.ஜி. கிளாஸ் சுவத்துல பாருங்க. சதுரம் ஒரு படம், செவ்வகம் ஒரு படம். தனித்தனியாத்தான் ஒட்டியிருக்கோம். சின்னப் புள்ளைக்கே தெரியுது வேறவேறன்னு. பரிட்சையில செவ்வகம்னு கேட்டா செவ்வகம் வரையோணும். கொழப்பக் கூடாது."

எல்.கே.ஜி. சுவரில் யானைக்குப் பக்கத்தில் விலங்கு என்று ஒரு படம் தனியாக ஒட்டியிருக்கிறார்களா என்று கேட்டேன். கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. வெளியே பியூன் எட்டிப் பார்த்தான்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க பையன் இனியன்தானே? பதினொண்ணுக்கு வர்றானுங்களே. நல்ல பையன்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவருக்கு அடுத்த மீட்டிங் இருந்தது, அதனால்தான் வந்தேன்.

தெரியாதவன் தப்பாகச் சொன்னால் புத்தகத்தைக் காட்டிப் புரிய வைக்கலாம். தெரிந்துகொண்டே 'நீங்க சொல்றது கரெக்ட்டு' என்கிறவனை என்ன செய்ய?


ஏப்ரல் 17, வியாழன்

தரணிகாவின் அம்மா பழனியம்மாள் வந்திருந்தார். விசைத்தறிக்குப் போகிறவர்; ஷிப்ட் முடிந்து அப்படியே வந்திருக்கிறார், தலையெல்லாம் பஞ்சு. ஆபீஸில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் வகுப்பைப் பாதியில் விட்டு ஓடினேன். நல்லவேளை, இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை.

"கையெழுத்து மட்டும் போட்டுறாதீங்க. புள்ளை எழுதுனது சரி. நான் பேசிட்டிருக்கேன்" என்றேன்.

"சரின்னா ஏனுங்க டீச்சர் மார்க் போடலை?"

கீ, மீட்டிங், நாலு பள்ளி என்று ஏதேதோ சொன்னேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எனக்கு அதெல்லாம் ஒண்ணும் வெளங்கலைங்க. அவிய அப்பா போன்ல ஒரே பேச்சாச் சொல்லிட்டாரு. இத்தனை பெரிய பள்ளிக்கூடத்துலயே தேறலைன்னா வேற எங்க போயித் தேறப் போறா, படிச்சது போதும், எங்கூடவே தறிக்கு வரட்டும்னு. அவர் சொன்னா சொன்னதுதானுங்க. இது தறியில நூல் தார் போட்டுத் தேஞ்ச கையிங்க. இவ கையும் அப்படி ஆகோணுமுங்களா?"

அரசுப் பள்ளியில் சேர்க்கலாம், அங்கேயும் நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள், நானே வந்து சேர்த்துவிடுகிறேன் என்றேன். "அவிய அப்பாகிட்ட யாருங்க பேசறது?" என்றார். அந்த மனுஷன் சத்தீஸ்கரில் எந்தக் காட்டில் குழி போடுகிறாரோ, போனை எடுத்தால் அல்லவா பேச.

தரணிகா வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்: "டீச்சர், நான் நீளமா வரைஞ்சிருந்தா பாஸுங்களா?"

ஆமாம் என்றேன்.

"ஒரே ஒரு அளவு சேத்தி எடுத்திருக்கோணும்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்குத் தன் மேல்தான் கோபம். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.


ஏப்ரல் 18, வெள்ளி

லீவு. மாங்காய் ஊறுகாய் போட்டேன். கோபத்தில் நறுக்கியதில் துண்டுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கின்றன. வீட்டுக்காரர் வந்து, "ஒரு மூணு மார்க்குக்கு எதுக்கம்மிணி இத்தனை ஆவேசம்? நம்ம புள்ளை சீட்டை நெனச்சுப் பாரு" என்றார். நினைக்காமல் இருக்கிறேனா? நினைக்கிறதே அதைத்தானே. அதைச் சொல்லிக் காட்ட இவர் எதற்கு? உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன் போலிருக்கிறது.


ஏப்ரல் 21, திங்கள்

காலையிலேயே மறுபடி டைரக்டர் அறைக்குப் போனேன். மேல்முறையீடு மாதிரி ஒரு பக்கம் எழுதி எடுத்துப் போயிருந்தேன். கொடுப்பதற்குள் அவரே உட்காரச் சொன்னார்.

"டீச்சர், உங்களுக்காக ஒரு வழி பண்றேன். கீயை நான் தொட மாட்டேன். ஆனா அந்தப் புள்ளைக்கு மட்டும் ஒரு வாய்ப்பு. புதன்கிழமை என் ரூம்ல, என் முன்னாடி, அதே எட்டாவது கேள்வி. பேப்பர்ல ஒரு செவ்வகம் வரையட்டும். வரைஞ்சா மூணு மார்க். அறுபது. டி.சி. கெடையாது. திருப்திங்களா?"

நீளமாக ஒரு பெட்டி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட வரையும். அதற்கு ஒரு மறுதேர்வு. கீயும் தப்பாகவில்லை, அவருக்குப் பெருந்தன்மைப் பட்டமும் ஆயிற்று. என்ன மூளை!

"ரொம்ப நன்றிங்க சார்" என்றேன்.

ஆமாம், சொன்னேன். வேறு என்ன சொல்வதாம்? பெண் தறிக்குப் போகாமல் இருந்தால் போதும். எழுதி எடுத்துப்போன தாளை வீட்டுக்கு வந்து அடுப்பில் போட்டேன். கேஸ் அடுப்பில் தாளைக் கொளுத்தினால் சமையலறை பூராவும் புகை.


ஏப்ரல் 22, செவ்வாய்

தரணிகாவை ஸ்டாஃப் ரூமுக்கு வெளியே நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். "நாளைக்கு நீளமா வரைஞ்சுடு கண்ணு. ஆறு சென்டிமீட்டர், நாலு சென்டிமீட்டர். எப்படியும் நாலு மூலையும் செங்கோணம்தான். காரணமும் அதேதான். பயப்பட ஒண்ணுமில்ல."

"சரிங்க டீச்சர்."

போகத் திரும்பியவள் நின்றாள். "அப்ப சதுரம் செவ்வகம் இல்லீங்களா டீச்சர்?"

"செவ்வகம்தான்."

"அப்புறம் ஏனுங்க நீளமா வரையச் சொல்றீங்க?"

"பரிட்சைக்கு அப்படித்தான் வரையணும்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. பிள்ளைகள் கடையில் எடை போடுகிறவரைப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள். ஜனவரியில் ரிக்கு லாரியைச் சொன்ன அந்த முகம் எங்கே போயிற்று?

"பரிட்சைக்கு வேறங்களா" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு போய்விட்டாள்.

இந்த ஊரில் எவனும் பிள்ளைகளை நிம்மதியாக ஒன்றைப் புரிந்துகொள்ள விட மாட்டான். எவனும் என்றால் எவனும்தான்.


ஏப்ரல் 23, புதன்

டைரக்டர் அறை. பழனியம்மாள் சுவரோரமாக நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நான் அவர் பக்கத்தில்.

தரணிகா ஸ்கேலை வைத்து ஆறு, நாலு என்று அளந்து வரைந்தாள். மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்தாள். நாலு குட்டிப் பெட்டி போட்டாள். காரணம் எழுதினாள். நீட்டினாள். சென்னியப்பன் சார் வாங்கிப் பார்த்து, பச்சை மையில் மூன்று என்று போட்டார். எனக்கு மூச்சு வந்தது.

அதோடு விட்டிருக்கலாம் அல்லவா? பேனாவை மூடப் போனவர் திறந்தபடியே வைத்துக்கொண்டு கேட்டார்:

"இப்பச் சொல்லு பாப்பா. சதுரம் செவ்வகமா?"

தரணிகா அவரைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். பழனியம்மாளும் என்னைப் பார்த்தார். அவருக்குக் கேள்வியே விளங்கியிருக்காது, ஆனால் பதில் என்னிடம் இருக்கிறது என்று மட்டும் தெரிந்திருக்கிறது.

அந்த அறைச் சுவரில் ஒரு காலண்டர் இருக்கிறது, மயில் மேல் முருகன். மயிலின் தோகையில் எத்தனை கண் வரைந்திருக்கிறான் தெரியுமா? நல்ல அச்சு. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லீங்க சார்" என்றாள் தரணிகா.

"வெரி குட்" என்று பேனாவை மூடினார். "பாத்தீங்களா டீச்சர், புள்ளைக்குத் தெளிவாத்தான் இருக்குது."

வெளியே வந்ததும் பழனியம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "நீங்க நல்லா இருக்கோணும்" என்றார். அந்தப் பெண் ஸ்கேலையும் மூலைமட்டத்தையும் டப்பாவில் போட்டு, டப்பா மூடாமல் அடம்பிடித்ததை அமுக்கி அமுக்கி மூடிக்கொண்டிருந்தாள்.

நான் வாயைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பச்சை மை மூன்றை அடித்துவிட்டு சுழியம் போட எத்தனை நேரம் ஆகும்? அந்த அம்மா தறியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான். நான் செய்ததுதான் சரி. அந்த ஆள் எதற்காகக் கேட்டான்? மார்க் போட்ட பிறகு எதற்காகக் கேட்டான்? கேட்டது அவளை இல்லை. அந்த அறையில் கேள்வி யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும்.

இன்று சாப்பிடவில்லை.


ஏப்ரல் 24, வியாழன்

ரிசல்ட் ஒட்டியாயிற்று. தரணிகா, கணக்கு, அறுபது. தேர்ச்சி.


மே 12, திங்கள்

இனியனுக்குக் கம்ப்யூட்டர் குரூப் கிடைத்துவிட்டது. சென்னியப்பன் சார் தானே போன் பண்ணிச் சொன்னார். வீட்டுக்காரர் மைசூர்பா வாங்கி வந்தார். நான் தொடவில்லை, பல்வலி. "ஏம்மா, உனக்குச் சந்தோசமே இல்லையா?" என்று இனியன் கேட்டான். சந்தோஷம்தான், போடா என்றேன்.


ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. இந்த வருஷம் பத்தாம் வகுப்பு ஏ எனக்கு. போன வருஷத்துப் பிள்ளைகள்தான், கழித்தது போக மீதி. மூன்று பெஞ்சு காலி. அந்த மூன்று பெஞ்சை நகர்த்தி மூலையில் அடுக்கிவிட்டார்கள், அப்படி யாரும் இருந்ததே இல்லை என்பது போல. தரணிகா இரண்டாவது வரிசையில் இருந்தாள். உயரமாகிவிட்டாள்.

முதல் நாளே பாடத்தைத் தொடங்கு என்று உத்தரவு. வடிவியல் எடுத்தேன். வடிவொத்த முக்கோணங்கள், சர்வசம முக்கோணங்கள். ஒரே வடிவம் என்றால் வடிவொத்தவை. வடிவமும் அளவும் ஒன்றாக இருந்தால் சர்வசமம். இரண்டையும் பலகையில் வரைந்துவிட்டு, "சர்வசம முக்கோணங்கள் எல்லாமே வடிவொத்த முக்கோணங்களும்தான். எழுதிக்குங்க" என்றேன்.

எல்லோரும் குனிந்து எழுதினார்கள். தரணிகா எழுதவில்லை. கையைத் தூக்கினாள்.

"டீச்சர், இது நெசத்துக்குங்களா, பரிட்சைக்குங்களா?"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் நக்கலுக்குக் கேட்கவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஹோட்டலில் 'சாம்பாரா சட்னியா' என்று கேட்கிற குரல். அவளுக்கு அது சாதாரணமாகிவிட்டது. நாற்பது நாளில் அப்படி ஆக்கிவிட்டோம்.

டஸ்டரை எடுத்தேன். முக்கோணங்களை அழித்தேன். பலகை நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு சதுரம் வரைந்தேன், பக்கத்துக்கு ஒரு முழம். நாலு மூலையிலும் குட்டிப் பெட்டி போட்டேன். கீழே கொட்டை எழுத்தில் 'செவ்வகம்' என்று எழுதினேன். சாக்பீஸ் இரண்டாக உடைந்தது.

"இதுக்கு நாலு மூலையும் செங்கோணம். இது செவ்வகம். பரிட்சைக்கும் செவ்வகம், நெசத்துக்கும் செவ்வகம். ஏப்ரல்ல ரூம்ல வெச்சு உன்னைக் கேட்டாங்களே தரணிகா, அதுக்கும் பதில் ஆமாம்தான். எழுதுங்க எல்லாரும்."

சிரிப்பு நின்றுவிட்டது. பேனாச் சத்தம் மட்டும். அப்போதுதான் வாசலில் நிழல். முதல் நாள் ரவுண்ட்ஸ். சென்னியப்பன் சார் எப்போது வந்தார், எதுவரை கேட்டார் என்று தெரியவில்லை. பிள்ளைகள் எழுந்து நின்று குட்மார்னிங் பாடினார்கள்.

"என்னுங்க டீச்சர், டென்த்துக்குச் சதுரம் நடத்திட்டிருக்கீங்க?"

"சதுரம்தானுங்க சார். செவ்வகமும்கூட."

உள்ளே வந்தார். பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இனியன் கிளாஸுக்குப் போயிட்டானுங்களா? எந்த செக்ஷன் போட்டிருக்கு?" என்று ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"பி செக்ஷனுங்க சார். அவனுக்கும் நான் இதையேதான் சொல்லிக் குடுத்திருக்கேன்" என்றேன்.

டஸ்டரை எடுத்தார். இவரே அழிக்கப் போகிறார் என்று தெரிந்ததும் என் வாய் என்னைக் கேட்கவில்லை. "அழிக்காதீங்க சார். புள்ளைங்க எழுதி முடிக்கலை."

நாற்பது பிள்ளைகள் நின்றுகொண்டு பார்க்கிறார்கள். டஸ்டரோடு அப்படியே நின்றவர், முகத்தைச் சிரிப்பாக வைத்துக்கொண்டு வகுப்பின் பக்கம் திரும்பினார். இரண்டாவது வரிசையைப் பிடித்துவிட்டார்.

"இந்தப் பாப்பாவே அன்னைக்கு என்கிட்டச் சொல்லுச்சே. சதுரம் செவ்வகம் இல்லைன்னு. என்ன பாப்பா, சொன்னேதானே?"

டி.சி. கொடுப்பதற்கு ஜூலை வரை நேரம் இருக்கிறது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நான் இந்த முறை காலண்டர் எதையும் தேடவில்லை. அவளையே பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள்.

"சொன்னனுங்க சார்" என்றாள். "அது பரிட்சைக்குங்க."

சொல்லிவிட்டு, அவர் உட்காரச் சொல்லும் முன்பே உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து எழுத ஆரம்பித்தாள்.